'தி பேட் சீட்': நாவலா, நாடகமா, படமா? எதில் தொடங்கலாம்?

வில்லியம் மார்ச் எழுதிய 'தி பேட் சீட்' (கெட்ட விதை) பற்றி எங்கே பேச்சை எடுத்தாலும் கடைசியில் இதே கேள்விதான் வந்து நிற்கிறது. "எட்டு வயசுப் பெண் கொலை செய்யுமாமே, நாவலைப் படிக்கட்டுமா, படத்தைப் பார்க்கட்டுமா?" இரண்டோடு முடிந்தால் பரவாயில்லை. 1954இல் நாவல், அதே வருடக் கடைசியில் நாடகம், 1956இல் கறுப்பு வெள்ளைப் படம், 1985இலும் 2018இலும் தொலைக்காட்சிக்கு எடுத்த படங்கள். மொத்தம் ஐந்து வாசல்கள். எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்து உள்ளே பார்க்கும் கதையே மாறிவிடுகிறது.

நான் 1956 படத்தில் தொடங்கியவன். சில வருடங்கள் கழித்து நாவலைக் கையில் எடுத்தபோது, தெரிந்த கதைதானே என்று அசட்டையாகத்தான் ஆரம்பித்தேன். கடைசிப் பக்கத்தில் வயிற்றைப் பிசைந்தது. வரிசையை மாற்றிச் செய்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதவும் அதுதான் காரணம்.

முடிவைச் சொல்லாமல் இந்த ஐந்தையும் முழுதாக ஒப்பிட முடியாது. அதனால் முடிவு பற்றிய பேச்சைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளியிருக்கிறேன். கதை தெரியாதவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளலாம், தேர்வு செய்யத் தேவையானதெல்லாம் அதற்குள் வந்துவிடும்.

கதை, தேவையான அளவுக்கு

அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு கடலோர ஊர். கிறிஸ்டின் பென்மார்க் என்ற இளம் தாய். கணவர் கென்னத் வேலைக்காக வெளியூரில். மகள் ரோடாவுக்கு எட்டு வயது. பின்னிய ஜடை, கசங்காத கவுன், பெரியவர்களிடம் பணிவான பேச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று பேர் வாங்கும் குழந்தை.

பள்ளியில் கையெழுத்துக்கு ஒரு பதக்கம் தருகிறார்கள். அது தனக்குத்தான் என்று ரோடா உறுதியாக இருக்கிறாள். கிடைப்பதோ கிளாட் டெய்கிள் என்ற பையனுக்கு. பள்ளி பிக்னிக் அன்று கிளாட் நீரில் மூழ்கி இறக்கிறான். அவன் நெற்றியிலும் கைகளிலும் பிறை வடிவக் காயங்கள். ரோடாவின் ஷூக்களுக்கு அடியில் லாடம் அடித்திருக்கிறது.

இதைச் சொன்னதால் மர்மம் உடைந்துவிடவில்லை. யார் செய்தது என்பதில் கதையே சஸ்பென்ஸ் வைக்கவில்லை. அம்மா எப்போது தனக்குத்தானே ஒப்புக்கொள்வாள், ஒப்புக்கொண்டபின் என்ன செய்வாள் என்பதில்தான் நம் மூச்சு நிற்கிறது.

எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல் அம்மா. இந்தக் கதையின் உயிர் கிறிஸ்டினிடம் இருக்கிறது. அவளுடைய மனதுக்குள் எவ்வளவு தூரம் நம்மை விடுகிறார்கள் என்பதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

இரண்டாவது, சிறுமி. நம்பும்படி இருக்கிறாளா? முதல் காட்சியிலேயே "இது பேய்க் குழந்தை" என்று தெரிந்துவிட்டால் கதை செத்துவிடும். அவளை நமக்கும் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் கதையை முடிக்கிறார்களா என்பது. நான்காவது நேரமும் ஆங்கிலமும். ஐந்தாவதை நிறையப் பேர் யோசிப்பதில்லை: யாரோடு, எந்த மனநிலையில் படிக்கப் போகிறோம், பார்க்கப் போகிறோம்? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், தத்தெடுத்தவர்கள், தத்தெடுக்கப்பட்டவர்கள் இந்தக் கதைக்குள் நுழையுமுன் கொஞ்சம் தெரிந்துகொண்டு நுழைவது நல்லது.

நாவல் (1954)

மார்ச் முதல் உலகப் போரில் அமெரிக்க மரைன் படையில் இருந்து வீரப் பதக்கங்கள் வாங்கியவர். 1933இல் வந்த அவருடைய 'கம்பெனி கே' ஒரு படைப்பிரிவின் 113 பேர் ஒவ்வொருவராகப் பேசும் போர் நாவல். மனிதன் எந்த அளவுக்குப் போவான் என்பதை நேரில் பார்த்தவரின் எழுத்து. 'தி பேட் சீட்' ஏப்ரல் 8 அன்று வெளிவந்தது. மே 15 அன்று அவர் நியூ ஆர்லியன்ஸில் இறந்துபோனார். புத்தகம் அடைந்த பெரிய பெயரையோ மேடையில் ரோடாவையோ அவர் பார்க்கவில்லை.

முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார்: ஜூன் 7, அந்த பிக்னிக் நாள்தான் கிறிஸ்டின் நிம்மதியாக இருந்த கடைசி நாள். இனி நல்லது எதுவும் நடக்காது என்று தெரிந்துகொண்டுதான் பக்கத்தைத் திருப்புகிறோம். அப்படியும் கீழே வைக்க முடியவில்லை.

நாவலுக்கு மட்டுமே கிடைத்த ஒன்று, கிறிஸ்டின் எழுதும் கடிதங்கள். கணவனுக்கு எழுதுகிறாள். மகளைப் பற்றித் தனக்கு என்ன சந்தேகம், தனக்கு என்ன பயம் என்று எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அப்புறம் தபாலில் சேர்ப்பதில்லை, மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். வெளியே சொன்னால் மகள் போய்விடுவாள், சொல்லாவிட்டால் இன்னொரு உயிர் போகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிய ஒரு பெண்ணை இதைவிடக் கிட்டத்தில் காட்ட முடியாது. வேறு எந்த வடிவத்திலும் இந்த அளவுக்கு இது இல்லை.

ரோடாவும் நாவலில் கொஞ்சம் வேறு மாதிரி. மங்கலான பழுப்பு முடி, பழைய காலத்துப் பாணியில் இறுக்கிப் பின்னிய ஜடை. பார்த்தவுடன் மயக்கும் அழகி இல்லை. ஒழுங்கு, சுத்தம், சிக்கனம் என்று பெரியவர்கள் எதை மெச்சுவார்களோ அதையெல்லாம் கச்சிதமாகக் கடைப்பிடிக்கும் குழந்தை. நம் ஊரில் 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று பாராட்டாகத்தான் சொல்வோம். இந்த முளையைப் பார்த்து எல்லோரும் அப்படித்தான் பாராட்டுகிறார்கள்.

இனி, அட்டையில் எழுதாத செலவுகள். மேல்மாடி மோனிகா பிரீட்லவ் அம்மையார் மனோதத்துவ அறிஞர் ஃபிராய்டை வைத்துப் பாடும் புராணம் சில இடங்களில் நீளுகிறது. 1950களில் அது நாகரிகம், இன்று பொறுமையைச் சோதிக்கும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் லீராயின் மனதுக்குள்ளும் ஆசிரியர் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே இருப்பது அருவருப்பான எண்ணங்கள். அவன் ரோடாவைச் சீண்டும் விதம் சங்கடப்படுத்தும், சங்கடப்படுத்தத்தான் எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, கதை நிற்கும் கொள்கை. கொலைக்குணம் ரத்தத்தில் வருகிறது, ஒரு தலைமுறையைத் தாண்டிக்கூட வரும் என்பதை அஸ்திவாரமாக வைத்துத்தான் நாவல் எழும்புகிறது. 'விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா' என்ற அதே நம்பிக்கை. இன்றைய மனநல மருத்துவம் இப்படிப் பேசுவதில்லை. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு, வளர்ப்புக்கும் சூழலுக்கும் பங்கு உண்டு என்றே சொல்கிறது. சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற முத்திரையை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் குத்துவதே இல்லை. 2013இல் வந்த அமெரிக்க நோயறிதல் கையேடு, நடத்தைக் கோளாறு உள்ள பிள்ளைகளில் சிலரிடம் குற்ற உணர்ச்சியும் இரக்கமும் குறைவாக இருப்பதைத் தனியே குறித்துக்கொள்ளச் சொல்கிறது. அது சிகிச்சைக்கு உதவும் குறிப்பு, தலையெழுத்து இல்லை. வீட்டில் தத்துப் பிள்ளை இருந்தால் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு தாயின் பயமாகப் பார்த்தால் நாவல் அப்பட்டமான உண்மை. அறிவியலாக எடுத்துக்கொண்டால் அநியாயம்.

ஆங்கிலம் சிரமம் இல்லை. வாக்கியங்கள் நிதானமானவை, தெளிவானவை. இருநூறு சொச்சம் பக்கம்தான், ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம்.

நாடகம் (1954)

மேக்ஸ்வெல் ஆண்டர்சன் எழுதியது. டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் மேடையேறி 334 முறை நடந்தது. அம்மாவாக நடித்த நான்சி கெல்லிக்கு டோனி விருது கிடைத்தது. ரோடாவாக நடித்த பாட்டி (Patty) மெக்கார்மக்குக்கு அப்போது 9 வயது.

நமக்குக் கிடைப்பது பிரதி மட்டும்தான். கதை முழுக்க ஒரே வீட்டின் கூடத்தில் நடக்கிறது. கடிதங்களில் இருந்ததெல்லாம் பேச்சாக மாறிவிடுகிறது. கிறிஸ்டின் மனதுக்குள் புழுங்கியதை இங்கே யாரிடமாவது வாய்விட்டுக் கேட்டாக வேண்டியிருக்கிறது. அதில் கொஞ்சம் இழப்பு உண்டு. ஆனால் முடிவில் ஆண்டர்சன் நாவலுக்குத் துரோகம் செய்யவில்லை. இரண்டு மணி நேரத்தில் படித்துவிடலாம்.

கல்லூரி நாடகக் குழு வைத்திருப்பவர்களுக்கும் எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். மேடையில் ஒரு கொலைகூட நடக்காது. எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கும், நமக்கு உதறும். சும்மா கதை தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு இது முதல் வாசல் இல்லை.

1956 படம்

மெர்வின் லீராய் இயக்கம், வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு, 129 நிமிடம். மேடையில் நடித்தவர்களில் முக்கியமானவர்களை அப்படியே கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதுதான் இதன் பலம், பலவீனமும் அதுதான்.

பலத்தை முதலில் சொல்கிறேன். கிளாட் இறந்த செய்தி வந்து அம்மா பதறிக்கொண்டிருக்கும்போது ரோடா வீட்டுக்கு வருகிறாள். பிள்ளை பயந்திருக்கும் என்று அம்மா தேற்ற வருகிறாள். பிள்ளைக்கோ பசி, ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கேட்கிறாள். அப்புறம் ஸ்கேட்டிங் போகக் கிளம்பிவிடுகிறாள். மெக்கார்மக் அந்த இடத்தில் கண்ணை உருட்டவில்லை, குரலை மாற்றவில்லை. சாதாரணப் பிள்ளையாகவே இருக்கிறாள். அதுதான் குலை நடுங்க வைக்கிறது.

அடுத்து ஷூ. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் லீராய் (இயக்குநர் இல்லை, பாத்திரம்) விளையாட்டுக்குச் சீண்டிக்கொண்டே இருக்கிறான். ரத்தக் கறையைப் போலீஸ் எப்படியும் கண்டுபிடிக்கும் என்கிறான். அந்த ஷூ தன்னிடம் இருக்கிறது என்று ஒருநாள் அளக்கிறான். அதுவரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை "அதைக் கொடு" என்று கேட்கும் தொனியில் அவன் முகம் மாறுகிறது. தான் விளையாட்டாகச் சொன்னது நிஜம் என்பது அவனுக்கு அந்த நொடியில்தான் உறைக்கிறது. ஹென்றி ஜோன்ஸ் அந்த மாற்றத்தை முகத்திலேயே செய்துகாட்டுகிறார். நாவலைப் படித்தபோதுகூட எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது.

கிளாடின் அம்மாவாக வரும் ஐலீன் ஹெக்கர்ட் இரண்டே முறைதான் வருகிறார். இரண்டு முறையும் குடித்துவிட்டு. கோபம், கெஞ்சல், மன்னிப்பு எல்லாம் ஒரே மூச்சில் வரும். பதக்கம் எங்கே என்பது மட்டும்தான் அவர் கேட்க வந்தது. கெல்லி, மெக்கார்மக், ஹெக்கர்ட் மூவரும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். யாருக்கும் கிடைக்கவில்லை. ஹெக்கர்ட் கோல்டன் குளோப் வாங்கினார்.

பலவீனம், மேடை வாசனை போகவே இல்லை. கெல்லி கடைசி வரிசைக்குக் கேட்கும்படி நடித்த பழக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொள்வதும் முஷ்டியால் மேசையைக் குத்துவதுமாக இருக்கிறார். குளோசப்பில் அது மிகையாகத் தெரிகிறது. ஒரே கூடத்தில் பேசிப் பேசியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. இன்றைய வேகத்துக்குப் பழகியவர்கள் முதல் அரைமணியில் நெளிவார்கள், அதைத் தாண்டிவிட்டால் நெளிய மாட்டார்கள். ரோடாவின் முடியும் இங்கே பொன்னிறம், தேவதை மாதிரி. நாவலின் அடக்கமான குழந்தையைவிட இவள் கொஞ்சம் கூடுதல் பளபளப்பு.

பெரிய செலவு முடிவில் இருக்கிறது. அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

1985, 2018 தொலைக்காட்சிப் படங்கள்

1985 படம் ஏபிசி தொலைக்காட்சிக்கு எடுத்தது. ரோடாவின் பெயர் ரேச்சல் என்று மாறியிருக்கிறது, அம்மாவாக பிளேர் பிரவுன். முடிவு விஷயத்தில் நாவல் பக்கம் நிற்கிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் சிறுமியின் பாத்திரம் மனதில் ஒட்டவில்லை. இந்தக் கதையில் அது ஒட்டாவிட்டால் வேறு எது இருந்தும் பிரயோஜனமில்லை.

2018 படத்தை ராப் லோ இயக்கி, தந்தையாகவும் நடித்திருக்கிறார். அம்மா இல்லை. மனைவியை இழந்த அப்பாவும் எம்மா என்ற மகளும்தான். சிறுமியாக வரும் மெக்கென்னா கிரேஸ் நன்றாகச் செய்திருக்கிறார், கண்ணாடி முன் நின்று முகபாவங்களைப் பழகிப் பார்க்கும் இடம் உட்பட. பழைய ரோடாவான மெக்கார்மக்கே மனநல மருத்துவராக வந்துபோகிறார். அவர் பாத்திரத்தின் பெயர் டாக்டர் மார்ச். தெரிந்தவர்களுக்கு அது ஒரு சின்ன சந்தோஷம்.

ஆனால் அம்மாவை எடுத்துவிட்டதும் நாவலின் முதுகெலும்பும் கூடவே போய்விட்டது. இந்த விதை என் வழியாகத்தான் வந்ததா என்ற கேள்விதான் கிறிஸ்டினை அரிக்கிறது. அந்த அரிப்பு இல்லாத இடத்தில் இது ஒரு நல்ல திகில் படம் மட்டும்தான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பதின்ம வயதுப் பிள்ளைகள் ஒரே மூச்சில் பார்ப்பார்கள். முதல் அறிமுகம் இதுவாக இருந்தால் நாவல் பக்கம் போகத் தோன்றாமலே போய்விடும் என்பதுதான் என் கவலை.

ஒரு பார்வையில்

| வடிவம் | தாயின் மனம் | சிறுமி | நேரம் | கூடவே வரும் செலவு |
|---|---|---|---|---|
| நாவல் | முழுவதும் | அடக்கம், நம்பும்படி | ஒரு வாரக் கடைசி | ஃபிராய்ட் பேச்சு, லீராயின் எண்ணங்கள், 'ரத்தம்' கொள்கை |
| நாடகப் பிரதி | பேச்சு வழியாக மட்டும் | நடிக்கும் பிள்ளையைப் பொறுத்தது | 2 மணி | காட்சியை நாமே கற்பனை செய்ய வேண்டும் |
| 1956 படம் | நிறைய, கொஞ்சம் மிகையாக | மறக்க முடியாதவள் | 129 நிமிடம் | மேடைத்தனம், மாற்றிய முடிவு |
| 1985 படம் | ஓரளவு | ஒட்டவில்லை | ஒரு மாலை | நினைவில் நிற்காது |
| 2018 படம் | தாயே இல்லை | கூர்மையானவள் | சுமார் ஒன்றரை மணி | கதையின் மையமே மாறிவிடும் |

சரி, உங்களுக்கு எது?

வாசிப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், நாவல். அப்புறம் ஒரு மாதம் இடைவெளி விட்டு 1956 படம். இந்த வரிசையில் போனால் படத்தின் குறைகள் உறுத்தாது. கிறிஸ்டின் ஏன் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள் என்பது கடிதங்களைப் படித்தவர்களுக்குப் புரியும்.

ஆங்கில நாவல் கை ஓடாது என்பவர்கள் 1956 படத்தைச் சப்டைட்டிலோடு பாருங்கள், நடிப்பே பாதியைச் சொல்லிவிடும். ஆனால் படம் முடிந்ததும் கீழே உள்ள பகுதிக்குத் திரும்பி வாருங்கள், ஆசிரியர் எழுதிய முடிவு தெரியாமல் இருக்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும், கறுப்பு வெள்ளை என்றால் எழுந்து போவார்கள் என்றால் 2018. சின்னப் பிள்ளைகளோடு எதையும் வேண்டாம்.

மகனையோ மகளையோ இழந்தவர்கள் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கிளாடின் அம்மா வரும் பகுதிகளை என்னாலேயே ஒரே மூச்சில் தாண்ட முடியவில்லை. தற்கொலை எண்ணத்தோடு போராடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். மனது தேறியபின் படிக்கலாம், புத்தகம் எங்கும் போய்விடாது.

முடிவு (கதை தெரியாதவர்கள் இங்கே நிறுத்திவிடுங்கள்)

கிறிஸ்டின் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வது இதுதான்: அவள் ஒரு தத்துப் பிள்ளை. பெற்றவள் பெஸ்ஸி டெங்கர், பல பேரைக் கொன்றவள். இதை அறிந்தபின் அவள் ரோடாவுக்குத் தூக்க மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறாள். துப்பாக்கிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் ஓடிவந்து ரோடாவைக் காப்பாற்றிவிடுகிறார்கள். நாவலும் நாடகமும் இங்கேதான் முடிகின்றன. 1985 படமும் இதே திசைதான்.

1956இல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிப்படி குற்றம் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது. அதனால் படத்தில் அம்மா பிழைத்துக்கொள்கிறாள். ரோடா மழை இரவில் பதக்கத்தைத் தேடிப் படகுத்துறைக்குப் போய் மின்னல் தாக்கி இறக்கிறாள். அத்தோடு விட்டார்களா? நடிகர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்து, கடைசியில் கெல்லி மெக்கார்மக்கை மடியில் கவிழ்த்துப் போட்டு நாலு சாத்து சாத்துகிறார். பார்ப்பவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே போகட்டும் என்று செய்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் நெஞ்சில் ஏற்றி வைத்த பாரத்தை ஒரு நிமிடத்தில் இறக்கிக் கீழே வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது இன்றும் ஏமாற்றம்தான்.

2018 படத்தில் சிறுமி பிழைத்துவிடுகிறாள், அப்பா இறக்கிறார். அந்த வகையில் நாவலுக்கு நெருக்கம். ஆனால் அங்கே அப்பாவுக்கு எல்லாம் தெரியும்.

நாவலில் கென்னத்துக்கு எதுவும் தெரியாது. மனைவி ஏன் இப்படிச் செய்தாள் என்று புரியாமல் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர். ரோடாவாவது பிழைத்தாளே, உனக்கு அவளாவது மிஞ்சினாளே என்று அவனைத் தேற்றுகிறார்.